இரண்டாம் சூடு

நவம்பர் மாதக் கடைசியில் அமெரிக்காவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வான்கோழிதான். ஃபிரீசர் பெட்டிகளில் ஆறு கிலோ, எட்டு கிலோ, பத்து கிலோ என்று முழுப் பறவைகள் பாறாங்கல் போல் உறைந்து கிடக்கும். அந்த மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அங்கே நன்றி அறிதல் நாள். அன்றைக்கு மேசை நடுவே வான்கோழி இல்லாவிட்டால் விருந்து விருந்தாகாது. எங்கள் வீட்டில் இருந்ததோ இரண்டே பேர். எட்டு கிலோ கறியை என்ன செய்வது என்று யோசித்தபோது, மூலையில் தனியாகப் பொதிந்து வைத்திருந்த கால்கள் கண்ணில் பட்டன. நெஞ்சுக்கறியை விட விலை குறைவு. ஒரு கால் முக்கால் கிலோ இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தால் சின்ன உலக்கை.

பொதியின் மேல் 165 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருந்தது. செல்சியஸில் 74. கறியின் நடுப்பகுதி அந்தச் சூட்டைத் தொட வேண்டும், தொட்டால் போதும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. வெப்பமானியைக் குத்திக் குத்திப் பார்த்து, சரியாக 74-இல் ஓவனிலிருந்து எடுத்தேன். கடித்தால் ரப்பர். பல்லுக்கும் கறிக்கும் நடந்த சண்டையில் கறி ஜெயித்தது. மிச்சத்தை மறுநாள் மைக்ரோவேவில் வைத்தேன். இப்போது ஓரங்கள் கட்டையாகி, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடையும் சேர்ந்துகொண்டது. கெட்டுப்போகவில்லை. ஆனாலும் சாப்பிட முடியவில்லை.

முதல் நாள் தோற்றதற்கு ஒரு காரணம், இரண்டாம் நாள் தோற்றதற்கு முற்றிலும் வேறொரு காரணம். இரண்டும் அந்தக் காலுக்குள்ளேயே இருந்தன.

பறவையிலிருந்து தொடங்குவோம். வான்கோழியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோப் பகுதி மக்கள் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை வீட்டுப் பறவையாக்கிவிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தொடங்கியது பெயர்க் குழப்பம். ஆங்கிலேயர் அதைத் துருக்கிப் பறவை என்றார்கள். துருக்கியர் இந்தியப் பறவை என்றார்கள். பிரெஞ்சுக்காரரும் அப்படியே. போர்ச்சுகீசியர் பெரு நாட்டின் பெயரை வைத்தார்கள். எல்லோரும் அடுத்தவர் ஊரைக் கைகாட்டினார்கள், ஒருவரும் மெக்சிகோவைக் காட்டவில்லை. 1612-இல் முகலாய அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து ஒரு வான்கோழியைக் கொண்டுவந்து ஜஹாங்கீரிடம் கொடுத்தார். அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைப் பார்த்து வியந்த பாதுஷா அதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அவருடைய ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி எந்தப் பறவை என்பதைத் தமிழறிஞர்கள் பேசித் தீர்க்கட்டும். அமெரிக்கப் பறவை 1500-க்கு முன்னால் இந்தப் பக்கம் வந்திருக்க வழியில்லை.

காட்டு வான்கோழி பறக்கும், ஆனால் கொஞ்ச தூரம்தான். ஆபத்து என்றால் சடாரென்று எழும்பி மரத்தில் உட்கார்ந்துகொள்ளும். மற்ற நேரமெல்லாம் நடைதான். இந்த வாழ்க்கை முறை அதன் கறியிலேயே தெரிகிறது. நெஞ்சில் இருப்பவை ஒரு வீச்சில் வேகம் காட்டிச் சீக்கிரம் களைத்துப்போகும் தசைகள். வெள்ளையாக இருக்கும். கால்களில் இருப்பவையோ நாளெல்லாம் நிற்கவும் நடக்கவுமான தசைகள். ஓயாத வேலைக்கு ஓயாமல் ஆக்சிஜன் வேண்டும். அதைத் தசைக்குள்ளேயே பிடித்து வைத்திருப்பது மையோகுளோபின் என்ற புரதம். அதன் நடுவில் ஓர் இரும்பணு. கால்கறியின் கருஞ்சிவப்பு அதனால்தான். நெடுந்தூரம் பறக்கும் வாத்துக்கு நெஞ்சுக்கறியும் சிவப்பு. அந்த இரும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் நாள் அது திரும்ப வரும்.

ஓயாமல் உழைக்கும் தசையை எலும்போடு கட்டி நிறுத்தக் கயிறும் நிறைய வேண்டும். அந்தக் கயிறுதான் கொலாஜன். மூன்று புரியாக முறுக்கிய புரத இழை. பிராய்லர் கோழி ஆறேழு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. பெண் வான்கோழிக்குப் பதினான்கு வாரம் ஆகும், சேவலுக்கு இன்னும் ஒரு மாதம் கூடுதலாகவே ஆகும். வயது ஏற ஏற இந்தப் புரிகளுக்கு இடையே குறுக்கு முடிச்சுகள் விழும். கோழிக்காலைச் சமைக்கிற கணக்கில் வான்கோழிக் காலைச் சமைத்தால் நடக்காது என்பதற்கு உருவம் மட்டும் காரணமில்லை. இந்த முடிச்சுகளும்தான்.

கொலாஜனைச் சூடாக்கினால் முதலில் நடப்பது நமக்கு எதிரானது. 60 டிகிரியைத் தாண்டியதும் அது சுருங்குகிறது. ஈரத்துணியைப் பிழிவது போலத் தசையைப் பிழிகிறது, சாறு வெளியேறுகிறது. 70-க்கு மேல் போனால்தான் புரி அவிழ்ந்து, மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. 80, 85 என்று ஏறும்போது வேகம் பிடிக்கிறது. அப்படியும் ஒரு நொடியில் நடக்கிற காரியமல்ல. ஆக, 74-இல் நான் எடுத்த கால் எந்த நிலையில் இருந்தது? கொலாஜன் சுருங்கி முடித்திருந்தது, கரைய அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. வேளாண் துறை சொன்ன எண்ணில் பிழையில்லை. அது சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சாகும் எண். கறி மெத்தென்று ஆவதற்கான எண் வேறு, அது 85-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுகூடப் பாதிதான். மற்ற பாதி நேரம்.

நெஞ்சுக்கறியை அந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் வைத்தால் பஞ்சாகிவிடும். முழு வான்கோழியைச் சுடுவதில் உள்ள தலைவலியே இதுதான். ஒரே உடம்பில் இரண்டு கறி, இரண்டுக்கும் வேறுவேறு சூடு. நெஞ்சுக்காகக் காலைக் கெடுக்கிறார்கள், இல்லாவிட்டால் காலுக்காக நெஞ்சைக் காய விடுகிறார்கள். காலைத் தனியாக வாங்கியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆட்டுக்கால் பாயா வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அங்கே யாரும் வெப்பமானி வைத்துப் பார்ப்பதில்லை. விரலில் ஒட்டுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒட்டுவது ஜெலட்டின்.

இப்போது நான் செய்கிற முறை இது. முதல் நாள் இரவே கிலோவுக்கு இரண்டரைத் தேக்கரண்டி கணக்கில் கல்லுப்பைப் பொடித்துத் தடவி, ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்துவிடுவேன். உப்பு உள்ளே இறங்கித் தசைப் புரதங்களைத் தளர்த்தும். அவை கூடுதலாக நீரைப் பிடித்துக்கொள்ளும். மூடாமல் வைப்பதால் தோல் காயும். மறுநாள் ஆழமான தட்டில் வெங்காயம், பூண்டு, அரை டம்ளர் தண்ணீர், மேலே கால்கள், அலுமினியத் தாளால் இறுக்கமான மூடி. 165 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம், பெரிய கால் என்றால் இரண்டரை. பிறகு தாளை எடுத்துவிட்டுச் சூட்டை 220-க்கு ஏற்றி இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் தோலுக்கு. பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்த, சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகி மணக்கும் வினை, ஈரம் போன பரப்பில், 140 டிகிரிக்குப் பக்கத்தில்தான் சுறுசுறுப்பாக நடக்கும். நீராவி சூழ்ந்திருக்கும் வரை பரப்பு 100-ஐத் தாண்டாது.

ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், குக்கர் இருக்கிறது. அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போகும். இரண்டு மணி நேர வேலை, முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் அரை மணியில், பெரிய கால் என்றால் முக்கால் மணியில் முடியும். குக்கரின் மூதாதையே இதற்காகப் பிறந்ததுதான். 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் காட்டிய கருவி எலும்பை மெதுவாக்கும் இயந்திரம் என்றே பேர் வாங்கியது. 1682-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து ஓர் இரவுச் சாப்பாடே போட்டார். எலும்புகூட மெத்தென்று ஆகியிருந்ததை ஜான் ஈவ்லின் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். குக்கரில் தோல் மொறுமொறுப்பாகாது. இறக்கியதும் இரும்புத் தவாவில் நெய் விட்டுப் புரட்டி எடுத்தால் அந்தக் குறையும் தீரும்.

எவ்வளவு வேகவைத்தாலும் கரையாத ஒன்று வான்கோழிக் காலில் உண்டு. வெந்த காலின் கறியை விரலால் விலக்கிப் பாருங்கள். எலும்பை ஒட்டி, தென்னங்குச்சி போல, வளையாத மெல்லிய குச்சிகள் வரிசையாக நிற்கும். மீன் முள் என்று நினைப்பீர்கள். அவை தசைநார்கள். பறவை வளரும்போது, மூன்று மாதத்துக்குப் பிறகு, இந்த நார்களில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து அவை எலும்பாகவே மாறத் தொடங்குகின்றன. இழை இழையாக, ஒரே திசையில், நேர்த்தியாக நடக்கும் மாற்றம். நம் எலும்பில் கனிமம் எப்படிப் படிகிறது என்று ஆராய்பவர்கள் பல்லாண்டுகளாக வான்கோழிக் காலின் தசைநாரைத்தான் மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். சமையலறையில் அதற்கு ஒரே மரியாதை, உருவி எடுத்து ஓரமாக வைப்பதுதான். நன்றாக வெந்திருந்தால் இழுத்ததும் வரும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். எலும்பை ஒட்டிய கறி இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று பொருளில்லை. இளம் பறவையின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறமி கசியும். விறகுப் புகையில் சுட்டால், புகையிலுள்ள வாயுக்கள் மையோகுளோபினோடு சேர்ந்து அந்தச் சிவப்பை நிலைநிறுத்திவிடும். நிறத்தை நம்பாதீர்கள், வெப்பமானியை நம்புங்கள். அதை எலும்பில் முட்டாமல், கனமான இடத்தில் குத்த வேண்டும்.

சாப்பிட்டாயிற்று, மிச்சம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் கவனம் கலைகிறது. பாத்திரம் மேசையில் ஆறட்டும் என்று விட்டுவிட்டுக் கதை பேச உட்காருகிறோம்.

க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்றொரு கிருமி. மண்ணிலும் விலங்குகளின் குடலிலும் இருப்பது. சூழ்நிலை ஒத்துவராவிட்டால் கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு வித்தாக உறங்கும். நம் சமையல் சூடு அந்த வித்தைக் கொல்வதில்லை, எழுப்பிவிடுகிறது. கறி ஆறி 50 டிகிரி அளவுக்கு வந்ததும் விழித்துப் பெருகத் தொடங்கும். அதற்குப் பிடித்த சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் 4,096 ஆகும். நான்கு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சம். அமெரிக்காவில் இந்தக் கிருமியால் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பேருக்கு வயிற்றைக் கலக்குகிறது. கொத்தாகப் பலர் படுக்கும் சம்பவங்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் அதிகம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜ், அறை 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஒரு மணி நேரம் என்பது அங்குள்ள விதி. சென்னையின் மே மாதத்துக்கு இரண்டாவது விதியே பொருந்தும். முழுக் காலை அப்படியே ஃபிரிட்ஜில் வைப்பதும் சரியல்ல. கனம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆற நான்கு மடங்கு நேரம் எடுக்கும். சூடு இருக்கும்போதே கறியை எலும்பிலிருந்து பிரித்து, தட்டையான பாத்திரத்தில் பரப்பிவிட்டால் வேலை சுலபம். மறுநாள் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பதும் அரை உண்மைதான். கிருமி சாகும். வெளியே கிடந்த கறியில் சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது.

இனி அந்த அட்டைப்பெட்டி வாடை. 1958-இல் டிம்ஸ், வாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் நமக்குப் புதுப்பெயர் தேவையில்லை. பழைய கடலை எண்ணெயில் வருமே, காறல், அதே குடும்பம்தான். தசையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு. ஆக்சிஜனிடம் எளிதில் மாட்டிக்கொள்ளும் வகைக் கொழுப்பு அது. பச்சைக் கறியில் சவ்வு முழுதாக இருப்பதால் தப்பிக்கிறது. வேகவைத்ததும் சவ்வு கிழிகிறது. கூடவே மையோகுளோபின் உடைந்து அந்த இரும்பு அவிழ்ந்து வெளியே வருகிறது. இரும்பு தூண்ட, ஆக்சிஜன் தாக்க, கொழுப்பு சிதைந்து ஹெக்சனால் போன்ற வாடைப் பொருட்கள் பிறக்கின்றன. ஃபிரிட்ஜுக்குள்ளேயே சில மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் நன்றாகத் தெரியும். நெஞ்சுக்கறியை விடக் கால்கறியில் இரும்பும் கொழுப்பும் அதிகம். போதாததற்கு, இந்தச் சிதைவைத் தடுக்கும் வைட்டமின் ஈ-யைக் கோழி அளவுக்கு வான்கோழி தன் தசையில் சேர்த்து வைப்பதில்லை. ஆக, நான் மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தது காறல் பிடிப்பதற்கென்றே செய்தது போன்ற கறி.

இதே காலை மணிக்கணக்கில் சூட்டில் வைத்து விற்றும் காறாமல் பார்த்துக்கொள்கிறார்கள், டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்களில். ஒரு கையில் கால், மறு கையில் பிள்ளை என்று நடக்கும் அப்பாக்களை அங்கே பார்க்கலாம். உள்ளே ஒரே சிவப்பு, பன்றித் தொடையை உப்பிட்டுப் புகைபோட்ட ஹாமின் ருசி. இது வான்கோழியே இல்லை, ஈமு என்று ஒரு வதந்திகூட உலவியது. சேவல் வான்கோழியின் கால்தான் அது, நைட்ரைட் கலந்த உப்புநீரில் ஊறியது. நைட்ரைட் இரும்பைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சிவப்பும் அதனால், காறாததும் அதனால். புகையிலுள்ள பீனால்களும் காவலுக்கு நிற்கின்றன.

வீட்டில் நைட்ரைட்டைத் தொட வேண்டாம், அளவு தவறினால் ஆபத்து. நமக்கு வேறு வழி இருக்கிறது, அது புதிதும் அல்ல. நேற்று வைத்த கறிக்குழம்பு இன்று ஏன் ருசிக்கிறது? கறி குழம்புக்குள் மூழ்கிக் கிடக்கிறது, காற்று படுவதில்லை. கிராம்பு, பட்டை, இஞ்சி, பூண்டு, மஞ்சள் எல்லாமே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சரக்குகள். வறட்டுக் கறியாக மூடிவைத்தால் வரும் வாடை குழம்புக் கறியில் வராததன் காரணம் இவ்வளவுதான். தென்மேற்கு பிரான்சில் வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து, அந்தக் கொழுப்பிலேயே மூழ்கவைத்துச் சேமிப்பார்கள். அங்கே குழம்பின் இடத்தில் கொழுப்பு.

ஆகவே பிரித்த கறியை, ஓவன் தட்டில் தேங்கிய சாற்றை ஊற்றி மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். காலையில் பார்த்தால் முழுவதும் அல்வா போல் உறைந்திருக்கும். முந்தின நாள் கரைந்த கொலாஜன்தான் அது. 35 டிகிரி வந்தாலே உருகிவிடும். வேண்டிய அளவை மட்டும் வெட்டி எடுத்து, அகலமான சட்டியில் மூடி போட்டுச் சிறுதீயில் வைத்தால், சாறு உருகிக் கறியைச் சுற்றிக்கொள்ளும். கொதி வந்து நடுவிலும் 74 தொட்டால் இறக்கிவிடலாம். இந்த முறை 74 போதும். முடிச்சை அவிழ்க்கும் வேலை நேற்றே முடிந்தது.

மைக்ரோவேவைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் பயன்படுத்திய விதம்தான் தவறு. அதன் அலை கறிக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நன்றாக இறங்கும். அதற்கு உள்ளே வெப்பம் தானாகக் கடந்து போக வேண்டும். முழுச் சக்தியில் வைத்தால் ஓரம் கொதித்து வறண்டுபோகும், எலும்புப் பக்கம் ஜில்லென்று இருக்கும். பாதிச் சக்தி, மூடி, இரண்டு கரண்டி சாறு, நடுவில் ஒருமுறை புரட்டல், நிறுத்திய பின் இரண்டு நிமிடம் சும்மா விடுதல். இத்தனையும் செய்தால் தேறிவிடும். எலும்போடு முழுக் காலையே சூடாக்க வேண்டுமென்றால் ஓவன்தான் சரி. கொஞ்சம் சாறு, அலுமினியத் தாள், 160 டிகிரி, முக்கால் மணி. ஸ்லோ குக்கர் வேண்டாம். கறி கிருமிக்குப் பிடித்த சூட்டிலேயே நெடுநேரம் கிடக்கும்.

தமிழ்நாட்டில் சமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை நந்தனத்தில் உருவான நந்தனம் வான்கோழி-1, நாட்டுக் கறுப்பு வகைக்கும் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை வகைக்கும் பிறந்த கலப்பு. அமெரிக்கச் சந்தைச் சேவலின் கால் அளவுக்கு அதன் கால் பெருக்காது. நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜில் வைத்த கறிக்கு மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. அதற்குமேல் என்றால் முதல் நாளே ஃபிரீசருக்குப் போக வேண்டும். கறி தீர்ந்த எலும்பை வீசிவிடாதீர்கள். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு குக்கரில் ஒரு மணி நேரம் வைத்தால் நல்ல ரசம் இறங்கும். வடிகட்டியதும் எலும்பையும் அந்தக் குச்சிகளையும் தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். வாசலில் நிற்கும் நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். வெந்த பறவை எலும்பு கடித்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும், அதன் தொண்டையைக் கிழித்துவிடும்.